ஒரே உணவு உண்ட நாய்கள்

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் எவரும் பாவ்லோவின் நாயை மறந்திரார். கல்வி உளவியல் பாடத்தின் முதற் பக்கங்களிலேயே அது வாலைக் குழைத்துக்கொண்டு வந்து நிற்கும். மணி ஒலித்தது, நாயின் வாயில் உமிழ்நீர் ஊறிற்று, கற்றலைப் பற்றிய ஒரு கோட்பாடு பிறந்தது. தேர்வுக்கு இவ்வளவு போதும். நானும் இவ்வளவே எழுதித் தேறினேன். பிறகு பல ஆண்டுகள் பிறருக்கும் இவ்வளவே கற்பித்தேன். மணியை நினைவில் வைத்த நாங்கள், அந்த நாயின் முன் இருந்த தட்டில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் கேட்டோமில்லை.

தட்டில் இருந்தவை ரொட்டி, இறைச்சி, பால். பாவ்லோவுக்கு 1904-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது மணிக்காக அன்று. செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே கிடைத்தது. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவர் பல ஆண்டுகள் பொறுமையாக நடத்திய சோதனைகளில் ஒரு வியப்பான செய்தி வெளியாயிற்று. நாயின் இரைப்பை எல்லா உணவையும் ஒன்றுபோல் வரவேற்பதில்லை. இறைச்சி உண்டால் ஊறும் நீரில் அமிலம் மிகுதி. ரொட்டி உண்டால் அமிலம் குறைந்து, செரிக்கச் செய்யும் ஆற்றல் மிகுந்திருக்கும். பாலுக்கு ஊறுவது இவ்விரண்டினும் வேறு. ‘நாய்க்கு என்ன தெரியும், போட்டதைத் தின்னும்’ என்று நாம் சொல்கிறோம். அதன் வயிற்றுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நாய்க்கு இட வேண்டிய உணவு யாது, அதை ஒரே வகையாக இடலாமா, மாற்றியும் கூட்டியும் இட வேண்டுமா என்னும் கேள்வி சிறு கேள்வியாகத் தோன்றலாம். வானொலியில் பேசுவதற்கு இதுவும் ஒரு பொருளா என்று சில நேயர்கள் முறுவலிக்கவும் கூடும். அந்தக் கேள்விக்கு விடை தேடிய வழியிலேதான் மனிதன் தன் குழந்தையின் எலும்பு ஏன் வளைகிறது என்பதையும், ஏழையின் தோல் ஏன் வெடிக்கிறது என்பதையும் அறிந்துகொண்டான். அந்த வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

நாய் ஓநாயின் வழிவந்தது. ஓநாய் இறைச்சி உண்ணும் விலங்கு. எனினும், மனிதனின் குடியிருப்பை அண்டிவந்த நாள்தொட்டு நாயின் உடம்பு மாறத் தொடங்கிற்று. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 படிகளாக மட்டுமே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-ஆம் ஆண்டில் கண்டு வெளியிட்டனர். உழவன் வீட்டு மிச்சத்தை உண்டு உண்டு, உழவனின் உணவே நாயின் உணவாயிற்று என்று கொள்ளலாம். தயிர்ச்சோறு உண்ணும் நம் தெரு நாயைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. அதன் முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெற்ற பயிற்சி அது.

பழைய ரோமாபுரியின் உழவு நூலார் இருவர் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். வாரோ என்பவர், ஆட்டுக்கிடை காக்கும் நாய்க்கு வாற்கோதுமை ரொட்டியைப் பாலில் ஊறவைத்து இட வேண்டும் என்கிறார். செத்த ஆட்டின் இறைச்சியைத் தின்ன விடலாகாது என்றும் எச்சரிக்கிறார். சுவை கண்டுவிட்டால் காவலனே கள்வனாகிவிடுவான் அல்லவா! அவருக்குப் பின் வந்த கொலுமெல்லா, வாற்கோதுமை மாவைத் தயிர்த்தெளிவில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். மேய்ச்சல் இல்லாத பண்ணையாயின் கோதுமை ரொட்டியை அவரை வேகவைத்த நீரில் பிசைந்து, வெதுவெதுப்பாக இடலாம் என்கிறார். தானியமும் பாலும், தானியமும் பருப்பும் சேர்ந்த உணவுகள் இவை. அறிவியல் விளக்கம் ஏதும் அறியாத காலத்திலும் பட்டறிவு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, பாருங்கள்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அந்நாளைய நாய், உடையவன் இட்டதை மட்டும் உண்டு வாழ்ந்ததன்று. வயலில் எலி பிடித்தது; வேலியோரத்தில் விழுந்த முட்டையைக் கவ்விற்று; மீன் கழுவும் இடத்தில் காத்திருந்தது; எலும்பைக் கடித்தது; நாம் சொல்லக் கூசும் பொருள்களையும் தின்றது. வீட்டில் கிடைத்த சோற்றில் எது குறைந்ததோ அதை ஊர் நிறைவு செய்தது. நாயைச் சங்கிலியில் கட்டிய அன்றுதான் அதன் உணவு முழுவதும் நம் கைக்கு வந்தது. அது எதை உண்ணவில்லை என்பதற்கும் அன்றுமுதல் நாமே பொறுப்பாளரானோம்.

சங்கிலியைவிடக் கடுமையான கட்டு ஆராய்ச்சிக்கூடத்தின் கட்டு. 1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிரான்சுவா மஜாந்தி என்னும் உடலியல் அறிஞர் ஒரு கேள்வியை எழுப்பினார். உடலின் தசையில் நைட்ரஜன் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது? உணவிலிருந்தா, மூச்சுக்காற்றிலிருந்தா? நைட்ரஜன் சிறிதும் இல்லாத ஒரே ஓர் உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தால் விடை தெரியும் என்று எண்ணினார். மனிதனைப் போலவே தாவர உணவையும் ஊன் உணவையும் செரிக்கவல்லது என்பதனால் அவர் நாயைத் தேர்ந்துகொண்டார்.

மூன்று வயதான, நன்கு கொழுத்த நாய் ஒன்று. அதற்கு வெள்ளைச் சர்க்கரையும் காய்ச்சி வடித்த நீரும் மட்டும் வேண்டிய மட்டும் கொடுக்கப்பட்டன. முதல் ஏழெட்டு நாள் அது மகிழ்ச்சியாகவே இருந்தது, ஆவலோடு உண்டது. இரண்டாம் வாரத்தில் மெலியத் தொடங்கிற்று. பசி மட்டும் குறையவில்லை. மூன்றாம் வாரத்தில் துள்ளல் போயிற்று, பசியும் போயிற்று. முதலில் ஒரு கண்ணின் கருவிழியிலும் பின்னர் மற்றதிலும் புண் தோன்றித் துளையாயிற்று. 32-ஆம் நாள் நாய் இறந்தது. மஜாந்தி மீண்டும் செய்து பார்த்தார். ஒன்றுக்கு ஆலிவ் எண்ணெய், மற்றொன்றுக்குக் கருவேலம் பிசின் போன்ற பிசின், இன்னொன்றுக்கு வெண்ணெய். முடிவு ஒன்றே.

பள்ளிக்கூடத்தில் அறிவியலும் வரலாறும் கற்பித்தவன் நான். உண்மையை அறிய விலை கொடுக்க வேண்டும் என்பதை மறுப்பவன் அல்லன். ஆயினும் அந்த 32 நாள்களின் குறிப்பைப் படிக்கும்போது மனம் கூசத்தான் செய்கிறது. மஜாந்தியின் காலத்தவரும் கூசினர். 1824-ஆம் ஆண்டில் அவர் லண்டனுக்குச் சென்று நாய்கள்மீது செய்து காட்டிய சோதனைகள் இங்கிலாந்தில் பெருங்கண்டனத்தைக் கிளப்பின. ஒன்றை மட்டும் அவர் சார்பில் சொல்லலாம்: கண்டதை அவர் மறைக்கவில்லை. அந்தக் கண் புண்ணை ஒழுங்காகக் குறித்து வைத்தார். அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. நூறாண்டு கழித்து, ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறைந்தால் கருவிழி அழியும் என்று அறிந்த பிறகே, பாரிஸ் நாயின் கண்ணில் என்ன நேர்ந்தது என்று அறிஞர்கள் ஊகித்தார்கள்.

மஜாந்தியின் ஆராய்ச்சி அதனோடு நிற்கவில்லை. அக்காலப் பாரிஸில் ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் எலும்பிலிருந்து காய்ச்சி எடுத்த ஊன்பசைக் கஞ்சியை ஊற்றி வந்தார்கள். இறைச்சிக்கு ஈடான உணவு என்று அதற்குப் பெரிய விளம்பரம். உண்டவர்களோ முகம் சுளித்தார்கள். உண்மை காண அறிவியற் கழகம் ஒரு குழுவை அமைத்தது, தலைவர் மஜாந்தி. 1841-ஆம் ஆண்டில் குழு தன் முடிவை வெளியிட்டது: ஊன்பசையை மட்டும் உண்டு நாய்கள் உயிர் வாழவில்லை. ஏழையின் நாக்கு சொன்னதை நாயின் உயிர் மெய்ப்பித்தது.

நம் அடுக்களைக்கு மிக நெருங்கியது அவர் கண்ட மற்றொரு செய்தி. சலித்த வெள்ளை மாவு ரொட்டியும் தண்ணீரும் மட்டும் உண்ட நாய் 50 நாளைக்கு மேல் பிழைக்கவில்லை. படைவீரருக்கான தவிடு நீங்காத முரட்டு ரொட்டியை உண்ட நாய் நலத்தோடு இருந்தது. தீட்டிய அரிசியா, தீட்டாத அரிசியா என்று நம் நாட்டில் நெடுங்காலம் நடந்த வழக்கின் முதல் தீர்ப்புப் போல இது தோன்றுகிறது. உணவு பலவாகவும் பலதிறப்பட்டதாகவும் இருத்தல் நலவாழ்வின் இன்றியமையாத விதி என்னும் முடிவுக்கு மஜாந்தி வந்து சேர்ந்தார்.

இனி, என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் உதவி ஆசிரியனாக இருந்த ஊரில், நண்பர் ஒருவர் இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். தாய் இராசபாளையத்து இனம், தந்தை தெரியாது. ‘மணி’ என்று பெயரிட்டோம். பயிற்சிக் கல்லூரி நினைவில் இட்ட பெயர் அன்று. தெருவில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். எங்கள் வீடு புலால் உண்ணாத வீடு. மணிக்குப் பருப்பு நீர் பிசைந்த சோறு, மூன்று வேளையும். அது வாயெடுக்காமல் உண்டது, மளமளவென வளர்ந்தது. நான்காம் மாதத்தில் முன்னங்கால்கள் இரண்டும் வில்லைப் போல வளைந்தன. படியேற மறுத்துக் கீழேயே நின்று என் முகத்தைப் பார்க்கும். சோம்பல் என்று நான் அதட்டினேன். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வட்டாரக் கால்நடை மருத்துவர் குட்டியின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார், என்ன உணவு என்று கேட்டார், சொன்னேன். “வயிற்றுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், சார், எலும்புக்கு என்ன கொடுத்தீர்கள்?” என்றார். சுண்ணச்சத்து மருந்தும், மீன் எண்ணெயும், வேகவைத்த முட்டையும் எழுதித் தந்தார். முட்டை என்றதும் என் மனைவி தயங்கினாள். பிறகு அவளே கொல்லைப்புறத்தில் மூன்று செங்கற்களை அடுக்கி, அதற்கென்று ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு முட்டையை வேகவைத்தாள்.

அந்த மருத்துவர் எழுதிய மீன் எண்ணெய்க்குப் பின்னால் உள்ள வரலாற்றைப் பின்னரே படித்தேன். அது லண்டனில் நடந்தது. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் கால் வளைந்த குழந்தைகள் மலிந்திருந்த காலம். காரணம் அழுக்குக் காற்று என்றனர் சிலர். வெயிலின்மை என்றனர் சிலர். உணவு என்றனர் சிலர். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் எட்வர்டு மெல்லன்பி என்னும் மருத்துவ அறிஞர் இதை நாய்க்குட்டிகளைக் கொண்டு ஆராய்ந்தார். குட்டிகளை வீட்டினுள்ளேயே வைத்து, ஆடையெடுத்த பாலும் ஓட்ஸ் கஞ்சியும், அல்லது ரொட்டியும் கொடுத்து வளர்த்தார். அவற்றின் எலும்பு மென்மையாகிக் கால்கள் வளைந்தன. காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயைச் சேர்த்த குட்டிகளுக்கு இந்நோய் வரவில்லை. 1919-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்.

இதில் ஸ்காட்லாந்துக்காரரை வருத்தும் ஒரு செய்தியும் இருந்தது. அவர்கள் போற்றும் ஓட்ஸ் கஞ்சியே குட்டிகளின் எலும்பை மிகுதியாகக் கெடுத்தது! தானியத் தவிட்டிலுள்ள ஓர் அமிலம் சுண்ணச்சத்தைப் பிணைத்துக்கொண்டு உடலிற் சேரவிடாமல் தடுக்கிறது என்று பிறகு விளங்கிற்று. முன்னர்த் தவிட்டைப் புகழ்ந்தேன். இப்பொழுது தவிட்டின் குறையைச் சொல்கிறேன். எந்த உணவும் முற்றும் நல்லதாகவோ முற்றும் தீயதாகவோ இருப்பதில்லை. அதனோடு சேர்வது எது என்பதே கேள்வி.

ஈரல் எண்ணெயில் குணம் தந்த பொருள் ‘ஏ’ உயிர்ச்சத்து என்றே மெல்லன்பி முதலில் கருதினார். 1922-ஆம் ஆண்டில் அமெரிக்கரான மக்காலம், எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி ‘ஏ’ சத்தை அழித்த பின்னும் அது எலும்பு நோயைத் தீர்ப்பதைக் காட்டினார். அந்த வேறு பொருளுக்கு ‘டி’ என்று பெயர் வந்தது. வெயிலும் இந்நோயைத் தீர்க்கும் என்ற கட்சியும் பொய்யன்று. மனிதத் தோல் வெயிலில் இச்சத்தை உண்டாக்கிக்கொள்கிறது. நாயின் தோலுக்கு அந்த ஆற்றல் போதிய அளவில் இல்லை என்று 1990-களில் கண்டனர். நான் மணியைக் காலைதோறும் முற்றத்து வெயிலில் கட்டி வைத்துப் பெருமைப்பட்டது எவ்வளவு பயனற்றது என்று நேயர்கள் உணர்வார்கள். அதற்கு வேண்டியது தட்டில் வந்திருக்க வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதிக்குச் செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெல்லாக்ரா என்னும் நோய் ஏழைகளை வாட்டிற்று. வெயில் படும் இடமெல்லாம் தோல் கருகி வெடிக்கும், வயிறு கெடும், இறுதியில் அறிவும் பேதலிக்கும். ஒட்டுநோய் என்றே பலரும் நம்பினர். 1914-ஆம் ஆண்டில் இதை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர், மனநோய் விடுதிகளில் நோயாளிகள் படுத்திருக்க, அவர்களோடு நாள் முழுவதும் பழகிய பணியாளர்களுக்கு நோய் வராததைக் கவனித்தார். ஒட்டுநோய் என்றால் அவர்களையும் ஒட்ட வேண்டுமே! வேறுபாடு உணவில் இருந்தது. ஏழைகள் உண்டவை மக்காச்சோள மாவு, கொழுப்பு மிகுந்த பன்றித் துண்டு, கரும்புப் பாகு. ஆண்டு முழுவதும் இம்மூன்றே. பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்தபொழுது நோய் அகன்றது. ஒட்டாது என்பதை மெய்ப்பிக்க அவரும் அவர் மனைவியும் நோயாளியின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டனர். அப்படியும் எல்லாரும் நம்பிவிடவில்லை. வறுமையே நோய்க்குக் காரணம் என்பதை ஏற்க எந்த நாட்டு ஆட்சியாளருக்கும் நாக்கு எளிதில் எழுவதில்லை.

அதே மாநிலங்களில் அதே வீடுகளின் நாய்களுக்குக் ‘கருநாக்கு’ என்றொரு நோய் வந்துகொண்டிருந்தது. நாய்களும் உடையவரின் சோள ரொட்டியைத்தானே உண்டன! இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர் ஒருவர் ஐயுற்றார். கோல்ட்பெர்கர் அந்த ஐயத்தைப் பற்றிக்கொண்டார். மக்காச்சோள உணவால் நாய்களுக்குக் கருநாக்கை உண்டாக்கி, எவ்வுணவு அதைத் தீர்க்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். விலை மலிந்த நொதிமம், அதாவது ரொட்டிக் கடைக்காரர் மாவைப் புளிக்கவைக்கச் சேர்க்கும் ஈஸ்ட், நாயைக் குணமாக்கிற்று, மனிதனையும் குணமாக்கிற்று. 1927-ஆம் ஆண்டு மிசிசிப்பி ஆற்றின் பெருவெள்ளத்தில் வீடிழந்த மக்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்ட்டை வழங்கிற்று. நாயின் தட்டில் கண்ட மருந்து அது.

கோல்ட்பெர்கர் 1929-ஆம் ஆண்டில் காலமானார். தாம் தேடிய பொருளின் பெயரை அறியாமலே போனார். 1937-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வெஜெம், கருநாக்கு நாய்க்கு நிகோடினிக் அமிலத்தைக் கொடுத்துக் குணப்படுத்தினார். அது புதுப்பொருளும் அன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே புகையிலையின் நிகோடினிலிருந்து வேதியியலார் அதை ஆக்கியிருந்தனர். 1910-களில் அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, பெரிபெரி நோயைத் தீர்க்கவில்லை என்பதனால் ஒதுக்கப்பட்டதும் அதுவே. ஆயிரக்கணக்கானோரைக் காக்கவல்ல மருந்து, பெயர்ச்சீட்டு ஒட்டிய புட்டிக்குள் பல ஆண்டுகள் அலமாரியில் உறங்கிற்று.

இந்த வரலாற்றுக்கு நம் நாட்டில் ஒரு தொடர்ச்சி உண்டு. நீலகிரியில் குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் பெரிபெரி ஆய்வுக்கென ஒரு சிறிய பிரிவு தொடங்கிற்று. ராபர்ட் மக்காரிசன் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். பஞ்சாபியரின் கோதுமையும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட நம் சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன. அந்த ஆய்வுக்கூடம் 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969-ஆம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் சி. கோபாலன் அதன் தலைவராக விளங்கினார். தக்காணத்தில் சோளத்தையே முதன்மையாக உண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா இருப்பதை அவர் கண்டார். நாம் சோளம் என்று சொல்லும் வெண்சோளம். அமெரிக்கரின் மக்காச்சோளம் அன்று. 1960-களில் அவரும் உடன் உழைத்தோரும் நாய்க்குட்டிகளிடம் கருநாக்கை ஆராய்ந்து, சோளத்திலுள்ள லூசின் என்னும் பொருளின் மிகுதியே காரணமாகலாம் என்று உரைத்தனர். அக்கருத்துக்கு மாறான ஆய்வுகளும் பின்னர் வந்தன. எனினும் வெண்சோளத்தையே நம்பியிருந்த ஏழையின் தோல் நோயை விளங்கிக்கொள்ள நம் நாட்டிலும் நாய்க்குட்டியே துணை நின்றது.

ஈரலைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கரான ஜார்ஜ் விப்பிள், குருதி எடுக்கப்பட்டுச் சோகையுற்ற நாய்களை எவ்வுணவு விரைவில் தேற்றுகிறது என்று பார்த்து, ஈரலே தலையாயது என்றார். அதைக் கேட்டு மைனாட், மர்ஃபி என்னும் இருவர் 1926-ஆம் ஆண்டில் உயிர்கொல்லும் ஒருவகைச் சோகை நோயாளிகளுக்கு ஈரலை உணவாகக் கொடுத்துப் பிழைக்கவைத்தனர். 1934-இல் மூவருக்கும் நோபெல் பரிசு. நாயைத் தேற்றியது ஈரலிலிருந்த இரும்பு. மனிதனைத் தேற்றியது அதிலிருந்த ‘பி12’ சத்து. தவறான கதவைத் தட்டி உரிய வீட்டை அடைந்த கதை அது.

ஆராய்ச்சிக்கூடங்களில் இவை நடந்துகொண்டிருக்க, கடைத்தெருவில் வேறொன்று வளர்ந்து வந்தது. 1860-ஆம் ஆண்டையொட்டி, இடிதாங்கி விற்க லண்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்னும் அமெரிக்கர், கப்பல் துறையில் மாலுமிகள் எறிந்த பழைய பிஸ்கோத்தை நாய்கள் அள்ளி உண்பதைக் கண்டாராம். உடனே கோதுமை, காய்கறி, மாட்டிறைச்சி முதலியவற்றைச் சேர்த்து நாய்க்கென்றே பிஸ்கோத்துச் செய்து விற்கத் தொடங்கினார். அவர் கடையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் சார்லஸ் கிரஃப்ட்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியை 1891-இல் தம் பெயரால் நடத்தியவர். 1922-இல் அமெரிக்காவில் குதிரை இறைச்சியைத் தகரப் பெட்டியில் அடைத்து விற்றனர். இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வரவே, உலர்ந்த உணவு மேலோங்கிற்று. 1957-இல் பியூரினா நிறுவனம் மாவை அழுத்திப் பொரித்தாற்போல் உப்பவைத்த சிறு உருண்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் மளிகைக் கடைகளிலும் அவ்வகை உணவு பை பையாகத் தொங்குகிறது.

பிஸ்கோத்தும் குற்றமற்றதாக இருந்துவிடவில்லை. 1920-கள் தொடங்கி, வீட்டு நாய்கள் திடீரென வெறிகொண்டாற்போல் ஓலமிட்டு ஓடி விழும் ஒரு நோய் பரவிற்று. பலரும் பல காரணம் கூறினர். 1946-ஆம் ஆண்டில் நம் பழைய மெல்லன்பியே முதுமையில் இதையும் வெளிப்படுத்தினார். கோதுமை மாவை வெளுக்க ஆலைகள் பயன்படுத்திய நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் வாயுவே காரணம். அதே மாவைத்தான் மக்களும் ரொட்டியாக உண்டுகொண்டிருந்தனர். மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததாக உறுதிப்படவில்லை. எனினும் 1950-களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்காவும் பிரிட்டனும் அம்முறையைக் கைவிட்டன.

இன்றைய கடைப் பைகள்மீது ‘முழுமையான, சமன்செய்த உணவு’ என்று அச்சிடப்பட்டிருக்கும். மஜாந்தி முதல் எல்வெஜெம் வரை கண்ட சத்துகளையெல்லாம் அளந்து கூட்டிய உணவு அது என்பது பொருள். உரிய தரத்தில் செய்யப்பட்ட அத்தகைய உணவு நாய்க்குப் போதும் என்பதை நான் மறுக்கவில்லை. பழைய சோற்றைவிட அது மேலானதுதான். அறிந்தவை அனைத்தும் அதில் உண்டு; அறியாததைச் சேர்க்க எவராலும் இயலாது. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தானியம் நீக்கிப் பட்டாணியும் பருப்பும் மிகுதியாகச் சேர்த்த நாய் உணவுகளுக்கும் ஒருவகை இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராயத் தொடங்கிற்று. காரணம் இதுதான் என்று முடிவாக நிறுவப்படவில்லை. ஆனாலும், ஒரே பையை ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தவர்கள் சற்றே கலங்கினார்கள்.

வீட்டில் நாய் வளர்க்கும் நேயர்களுக்கு, அந்தக் கால்நடை மருத்துவர் எனக்குச் சொன்னவற்றையும் பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சொல்கிறேன். சோறோ கேழ்வரகோ இடுங்கள். அதனோடு வேகவைத்த முட்டையோ, முள் நீக்கிய மீனோ, இறைச்சியோ சேருங்கள். கேரட்டு, பூசணி, பீன்ஸ் ஆகியவற்றை உப்பும் காரமும் இன்றி வேகவைத்துச் சிறிதளவு கலக்கலாம். தயிர் ஒத்துக்கொண்டால் நல்லது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் தேடி அலைய வேண்டா. ‘சி’ உயிர்ச்சத்தை நாய் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். வளரும் குட்டிக்குச் சுண்ணச்சத்து எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. புதிய உணவை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி வாருங்கள். இல்லையேல் வயிறு போகும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம் குருதியணுக்களை அழிக்கும், திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் நஞ்சு, சர்க்கரை நோயாளருக்கான இனிப்புகளில் சேரும் சைலிட்டால் கொடிய நஞ்சு. பண்டிகை நாளில் பாயசத்தை அன்போடு ஊற்றுவோர் அதில் மிதக்கும் உலர்திராட்சையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஜாந்தியின் குறிப்பில் அந்த முதல் நாய்க்குப் பெயர் இல்லை. வயது மட்டுமே இருக்கிறது. மெல்லன்பியின் குட்டிகளும் கோல்ட்பெர்கரின் நாய்களும் அப்படியே. எங்கள் மணி பதினோராண்டு வாழ்ந்தது. கொல்லைப்புறத்துச் செங்கல் அடுப்பில் அதன் முட்டை வெந்துகொண்டிருக்கும்போது பக்கத்திலேயே அமர்ந்திருக்கும். பாத்திரத்தின் மூடி ஆடும் ஓசை கேட்டாலே அதன் வாயிலிருந்து நீர் ஒழுகும். மூன்று மாத மருந்தில் படியேறக் கற்றுக்கொண்டது. கால்கள் மட்டும் கடைசிவரை முழுவதும் நேராகவில்லை.